நெய்வேலி: தண்ணீரை அடக்கி எடுத்த கரி

"கரி வெட்டுறது பெருசில்ல பாப்பா, தண்ணியை அடக்குறதுதான் பெருசு" என்பார் அப்பா. நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்தே தலை நரைத்தவர் அவர்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, பொங்கி வந்த நீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அன்றைய சென்னை மாகாணத்துக்குச் சொந்தமாக நிலக்கரி கிடையாது; பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரவேண்டும். அதனால்தான் காமராஜர் இந்தக் கரியை எடுக்கும் திட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961இல்தான்.

ஏன் அத்தனை காலம்? கரிப் படுகைக்கு மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான மண்ணும் இறுகிய மணற்பாறையும். கீழேயோ பெரும் அழுத்தத்தில் ஊற்றுநீர். மேல்மண்ணை அகற்றிப் பாரம் குறைந்தால், நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். சுற்றிலும் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே கரியில் கைவைக்க முடியும். சுரங்கம் இருக்கும்வரை இந்த இறைப்பும் நிற்காது.

பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். வெகுதூரம் சுமந்துபோனால் கட்டுப்படியாகாது. எனவே சுரங்கத்தின் பக்கத்திலேயே சோவியத் உதவியுடன் அனல்மின் நிலையம் எழுந்தது. 1962இல் 50 மெகாவாட்டில் தொடங்கி 600 மெகாவாட்டாக வளர்ந்தது. ஈரம் போக்கிக் கட்டிகளாக்கிய கரி 'லெக்கோ' என்ற பெயரில் வீடுகளுக்கும் வந்தது. அம்மா பல வருஷம் சமைத்தது லெக்கோ அடுப்பில்தான்.

அந்த முதல் மின்நிலையம் 2020இல் மூடப்பட்டது. சுரங்கங்கள் ஓயவில்லை. 2023இல் பக்கத்து வளையமாதேவியில், பயிர் நின்ற நெல் வயலுக்குள் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது.

இந்தக் கரியால் தமிழ்நாட்டில் விளக்கு எரிந்தது, ஆலை ஓடியது. அந்தப் பெருமை என் அப்பாவைப் போன்ற தொழிலாளிகளுக்கும் உண்டு. ஆனால் நிலம் கொடுத்த குடும்பங்களின் பிழைப்பு, இறைத்துக் கொட்டிய நிலத்தடி நீர், தோண்டிய பூமியைத் திரும்பப் பயிர் நிலமாக்கும் செலவு இவை மூன்றையும் சேர்த்தால்தான் ஒரு யூனிட் மின்சாரத்தின் உண்மையான விலை தெரியும். அந்தக் கணக்கைத் தீர்க்காமல் நெய்வேலியைச் சுற்றி இனி ஒரு ஏக்கரைக்கூடத் தோண்டக் கூடாது.