பாக்கெட் தீர்ந்த பிறகு

எடை குறைக்க உதவும் என்று சொல்லி விற்கும் பொடி டப்பாக்களும் பாக்கெட் உணவுகளும் இன்று திண்டுக்கல் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. வாங்குபவர்கள் கூடுவதில் வியப்பில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு உடல் எடை அளவுக்கு மேல். ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு. இந்தப் பாக்கெட்டுகளால் எடை குறையுமா? குறையும். குறைந்தது அப்படியே நிற்குமா என்பதுதான் கேள்வி.

குறைவதற்குக் காரணம் பொடியில் உள்ள தனிச் சத்து அல்ல, அளவு. 40 கிராம் ஓட்ஸ் பாக்கெட் ஒன்றில் சுமார் 150 கலோரிதான் இருக்கும். வீட்டில் சோறு போடும்போது யாரும் நிறுத்துப் போடுவதில்லை. சீரகச் சம்பா பிரியாணியை ஊரின் பெருமையாக வைத்திருக்கும் நமக்கு இன்னொரு கரண்டி வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. பாக்கெட்டில் அந்த இன்னொரு கரண்டிக்கு இடமில்லை.

இதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், சர்க்கரை நோய் உள்ள சுமார் 150 பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 850 கலோரி அளவில் சூப்பும் பானமும் மட்டுமே கொடுத்தார்கள். பிறகு சாதாரண உணவைப் படிப்படியாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தொடர்ந்து ஆலோசனையும் தந்தார்கள். ஓராண்டு முடிவில் சராசரியாக 10 கிலோ குறைந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரையே தேவைப்படவில்லை. இரண்டாண்டு முடிவில் அந்த 10 கிலோ 7.6 ஆனது. கூடவே ஆட்கள் இருந்து பார்த்துக்கொண்ட இடத்திலேயே இப்படி என்றால், கடையில் டப்பா வாங்கித் தனியாகத் தொடங்குபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

எடை திரும்புவதற்கு மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று பழி சொல்வது நியாயமல்ல. எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன, வயிறு நிறைந்தது என்று சொல்பவை குறைகின்றன. ஆஸ்திரேலியாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த மாற்றம் ஓராண்டு கழித்தும் நீடித்தது. அந்தப் பசியோடு பழைய சோற்றுத் தட்டுக்கே திரும்பினால் பழைய எடையும் திரும்பும்.

டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் ‘சர்க்கரை இல்லை’ என்று இருக்கும். பின்பக்கம் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கலாம். அது ரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் மாவுச்சத்து. ‘ஒரு வேளைக்கு’ என்று எத்தனை கிராமைக் கணக்கிட்டிருக்கிறார்கள், அதில் புரதம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்க வேண்டியதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும்.

ஆகவே பாக்கெட் வாங்கும் அன்றே, அது தீர்ந்த மறுநாள் தட்டில் என்ன இருக்கும் என்று முடிவு செய்ய வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த கணக்கில், 2000 கலோரி உணவில் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம். நம்மில் பலர் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளம் வரை காய் போகிற மாவட்டம் இது. முருங்கையும் அவரையும் புடலையும் நம் தட்டில் ஓரமாக ஒரு கரண்டி கிடந்தால் போதாது. சோற்றைக் குறைத்த இடத்தில் கூட்டும் பொரியலும் சுண்டலும் முட்டையும் வர வேண்டும். வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும்.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பாக்கெட் உணவுகளைத் தொடங்கவே வேண்டாம். ‘டைரக்ட்’ ஆய்வில் அந்த மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திய பிறகுதான் உணவைக் குறைத்தார்கள். மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இந்த டப்பாக்களைத் தொட வேண்டாம்.