மண்ணில்லாப் பயிரும் சட்டமும்

ஏரவாடாவில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர் பலருக்குக் கொல்லை கிடையாது, பால்கனியே உண்டு. அங்கும் கீரை விளைவிக்கலாம். மண், செடியின் வேருக்குப் பிடிப்பையும் உணவான உப்புகளையும் தருகிறது. அவ்விரண்டையும் வேறு வழியில் தந்தால் மண் வேண்டுவதில்லை. 1937இல் கலிபோர்னியாவில் கெரிக் என்பார் இம்முறையை ஹைட்ரோபோனிக்ஸ் என்றழைத்தார். 1946இல் டக்ளஸ் என்பார் வங்காளத்தில் இதற்கு எளிய வழி வகுத்தார்.

மூடியிட்ட தொட்டியில் உரநீரை நிரப்பி, மூடியின் துளைகளில் நாற்றுகளை நிறுத்த வேண்டும். வேரின் மேற்பகுதி காற்றில் இருத்தல் அவசியம். முழுதும் மூழ்கினால் அழுகும். நீரில் ஒளி பட்டால் பாசி படரும்.

இதே முறையில் அறைக்குள் கஞ்சா வளர்ப்போரும் உளர். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வயலென்றும் தொட்டியென்றும் வேறுபாடு பாராட்டுவதில்லை. அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். தன் பொறுப்பிலுள்ள வீட்டை, தெரிந்தே இதற்கு இடங்கொடுத்தவருக்கும் அதே தண்டனை உண்டு.

பிழைக்க வந்த ஊரில் ஓர் அறையைப் பலர் பகிர்ந்து வாழ்கிறோம். ஆதலின் அறைத்தோழர் தொட்டி வைத்தால், அதில் முளைப்பது கீரைதானா என்று பார்த்துக்கொள்வோமாக.