சக்கரத்தின் மேல் ஒரு வீடு

திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதி வழியே புறப்படுபவர், சீனன்குடாப் பகுதியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் கப்பல்துறை என்னும் கிராமத்தை அடைவர். ஊரின் பெயரிலே கப்பல் இருக்கிறது. வீதியிலோ லொறியும் பஸ்ஸும் வானுமே ஓடுகின்றன. அண்மைக் காலமாக அவற்றினூடே வேறொரு வகை வாகனமும் இடையிடையே தென்படுகிறது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றைக் கொண்ட வான் அது. மோட்டார் ஹோம் என்று மேனாட்டார் வழங்கும் இதனைத் தமிழில் வீட்டு வண்டி எனலாம். இதனைப் புதிதாக வாங்குவோரும், பழைய வானொன்றை வாங்கித் தச்சரைக் கொண்டு மாற்றியமைப்போரும், மோட்டார் வாகனத்திடம் கற்க வேண்டியதிலும் பார்க்கக் கப்பலிடம் கற்க வேண்டியதே அதிகம்.

துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலின் பக்கத்தை உற்று நோக்கியவர், அங்கே ஒரு வட்டமும் அதனை ஊடறுத்துச் செல்லும் ஒரு கோடும் தீட்டப்பட்டிருக்கக் கண்டிருப்பர். இங்கிலாந்துப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சாமுவேல் பிளிம்சோல் என்பவரின் இடையறாத முயற்சியால் 1876 ஆம் ஆண்டில் சட்டமாக்கப்பட்ட பாரக்கோடு அது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கிப்போன கொடுமையைத் தடுக்கவே அக்கோடு எழுந்தது. கோடு நீருக்குள் அமிழ்ந்துவிட்டால் பாரம் மிஞ்சிவிட்டது என்பதைக் கரையில் நிற்கும் சிறு பிள்ளையும் அறியலாம். வீட்டு வண்டியின் பக்கத்தில் அத்தகைய கோடு எதுவும் இல்லை. வாகனத்துக்கு அநுமதிக்கப்பட்ட மொத்த நிறை, கதவோரத்திலோ இயந்திரத்தின் அருகிலோ பொருத்திய சிறு தகட்டில் எழுதப்பட்டிருக்கும். வாங்குபவர்களுட் பலர் அதனைப் படிப்பதே இல்லை.

உல்லாசப் பிரயாணத்துக்கென முதன்முதலாக அமைக்கப்பட்ட வீட்டு வண்டியின் சொந்தக்காரரும் கடலோடு பழகியவரே. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். 1885 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரிலே தமக்கென ஒரு வண்டியைக் கட்டுவித்து, 'வாண்டரர்' என்று அதற்குப் பெயரிட்டார். இரு குதிரைகள் இழுத்த அவ்வண்டி, சாமான்களை ஏற்றியபின் ஏறத்தாழ 2 தொன் நிறை கொண்டதாயிருந்தது. அதனை அவர் நிலத்தில் ஓடும் கப்பல் என்றே கருதினார். மேட்டு நிலங்களில் குதிரைகள் பட்ட பாடுதான் பாரத்தின் கணக்கை அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும். இன்றைய டீசல் இயந்திரம் வாய்விட்டு முறையிடுவதில்லை. ஆகவே கணக்கை மனிதரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அக்கணக்கு எவ்வாறு ஏறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். ஒரு வானின் அநுமதிக்கப்பட்ட மொத்த நிறை 2,800 கிலோ கிராம் என்றும், வெறும் வானின் நிறை 1,800 என்றும் கொண்டால், எஞ்சுவது 1,000. அலுமாரிகளுக்கும் கட்டிலுக்கும் தடித்த ஒட்டுப்பலகை ஆறு தகடுகள் வேண்டுமெனின், தகடொன்று முப்பது கிலோவுக்கு மேலாக 190 கிலோ வரை ஆகும். நால்வர் அமர்ந்தால் 260. நூறு லீற்றர் தண்ணீர் 100. பற்றரி இரண்டு 60. குளிர்பெட்டி, அடுப்பு, வாயு உருளை ஆகியன 60. மெத்தை, பாத்திரம், உடுபுடவை, அரிசி பருப்பு எல்லாம் சேர்ந்து 180. ஆக 850 ஆகிவிட்டது. மீதி 150 கிலோவே. இந்நிலையில், பிள்ளைகளின் துவிச்சக்கர வண்டிகள் இரண்டைப் பின்னாற் கட்டி, கூரைமேல் ஒரு சாமான் தட்டையும் பொருத்தி, அம்மம்மாவும் தம் பெட்டியோடு வருகிறேன் என்றால், கோடு நீருக்குள் அமிழ்ந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும். அம்மம்மாவை இறக்கிவிடுவது தகாது. தச்சர் வேலை தொடங்குமுன் மெல்லிய பலகையைத் தேர்ந்திருக்கலாம்.

மொத்த நிறை சரியாயிருந்தால் மட்டும் போதாது. மாட்டு வண்டி ஓட்டிய முதியோர் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். இரண்டையும் ஒத்துப் பார்த்த பின்னரே வண்டிக்காரர் மாட்டை அதட்டுவார். வானுக்கும் இதுவே விதி. தண்ணீர்த் தாங்கியையும் பற்றரியையும் பின் சக்கரத்துக்குப் பின்னால் அமைத்தால் முன் சக்கரத்தின் அழுத்தம் குறையும். சுக்கான் கைக்கு இலேசாகும். மழை பெய்த வீதியில் வளைவு வரும்போது வாகனம் சொற்கேளாது. பாரமான பொருள்கள் இரு அச்சுகளுக்கும் இடையே, தரைமட்டத்தில், இடமும் வலமும் சமமாக அமைய வேண்டும். லொறிகளை நிறுக்கும் தராசு உள்ள இடத்தில், ஆட்களும் சாமான்களும் ஏறிய நிலையில், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது உத்தமம்.

டயர்களின் வயதும் இதனோடு சேர்ந்தது. வீட்டு வண்டி ஆண்டில் சில வாரங்களே ஓடுவதால், டயரின் பல் தேயாமல் புதிதுபோலவே தோன்றும். இரப்பரோ வெயிலில் வெடித்து முதுமையடைந்திருக்கும். பக்கச் சுவரில் அச்சிட்ட நான்கு இலக்கங்கள் அதன் பிறப்பைக் கூறும். 2319 என்றிருப்பின், 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயரை, பல் இருக்கிறதே என்று நம்பிக் கடும் வெயிலில் முழுப் பாரத்தோடு ஓட்டுவது ஆபத்து.

தண்ணீர் விஷயத்தில் கப்பலின் சிக்கனம் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் என்று அளந்து வாழ்ந்தாலும் நால்வருக்கு 80 லீற்றர் ஆகிறது. தாங்கியை ஊரிலேயே நிரப்பி நெடுந்தூரம் சுமப்பதைவிடச் சேருமிடத்துக்கு அருகில் நிரப்புவது இலேசு. ஆனால் கரையோரக் கிணறுகளிற் சில உவர்ப்பானவை. குடிநீரை வேறாக எடுத்துச் செல்ல வேண்டும். கழிவுநீரைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் நன்னீர் மணலுக்கடியில் மிக ஆழமின்றியே நிற்கிறது. மணலிற் கொட்டிய சவர்க்கார நீரும் மலசலமும் நேரே அயலாரின் கிணற்றைச் சேரும். விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரின் கிணற்றைக் கெடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கழிவை மூடிய தாங்கியில் எடுத்துச் சென்று முறையான மலசலகூடத்திலேயே அகற்ற வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் உயிரோடு நேரே தொடர்புடையது நெருப்பும் காற்றுமாகும். சமையல் வாயு காற்றினும் பாரமானது. குழாயிற் கசிவு ஏற்பட்டால் அது மேலெழுந்து யன்னல் வழியே போய்விடாது. தரையிற் குளம்போலத் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பகுதிகளில் வீட்டுச் சமையலறைகளில் வாயு வெடிப்புகள் நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். விசாலமான சமையலறையிலேயே அவ்வாறாயின், இரண்டு பாய் விரிக்கும் அளவேயுள்ள வானில் விளைவு எத்தகையது என்பதைக் கூறத் தேவையில்லை. ஆகையால் உருளையை நிமிர்த்தி, அசையாமற் கட்டி, படுக்கையறையோடு தொடர்பற்ற தனிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். அப்பெட்டியின் அடித்தட்டில், வாயு வெளியே வடிந்து செல்ல எந்நேரமும் திறந்த துவாரம் இருக்க வேண்டும். இணைப்புகளிற் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழி எழுகின்றதா என்று ஒவ்வொரு பிரயாணத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும். சக்கரம் உருளுமுன் உருளையின் வாயை மூட வேண்டும்.

கசியும் வாயுவுக்காவது மணம் சேர்த்திருக்கிறார்கள். காபன் மொனொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வாடைக் காற்றோடு மாரி மழை கொட்டும் இரவில், நுளம்புக்கும் சாரலுக்கும் பயந்து எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டு, உள்ளே கரி அடுப்பை வைத்துக் குளிர் காய்வதும், குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குவதும் சிலரது வழக்கம். உறங்கியவர் விழிக்காமற் போவது இப்படித்தான். ஒரே வேளையில் பலருக்குத் தலைவலியும் தலைச்சுற்றும் குமட்டலும் தோன்றினால், உணவின்மேற் பழி சுமத்திக்கொண்டிராமல் உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். நுளம்பு வலையிட்ட காற்றுவாயில்கள் கூரையில் ஒன்றும் தாழ்வில் ஒன்றுமாக எப்போதும் திறந்திருக்க வேண்டும். இந்த நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவி கடைகளிற் கிடைக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் அதனை வாங்குதல் முறை. தீயணைக்கும் கருவி கதவருகே இருக்கட்டும். அடுப்பு வாசலை அடைத்திருக்குமாயின் வெளியேற வேறு வழி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தின் கணக்கு எளியது. 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி கொண்ட சாதாரண ஈயப் பற்றரியில் 1,200 வாற்று மணிச் சக்தி உண்டு. பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே பயன்படுவது 600. 25 வாற்று மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 200. 45 வாற்றுக் குளிர்பெட்டி நாளிற் பாதி நேரம் ஓடினால் 540. ஒரு பற்றரி போதாது என்பது இதிலிருந்தே தெளிவு. கூரைமேற் சூரியத் தகடு வெயில் காலத்தில் நன்கு உதவும். மாரியில் அதனை நம்பிக் கறியை வாங்கி அடுக்கலாகாது.

வானின் உள்ளமைப்பை மாற்றுபவர், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி செய்த கம்பனியிடமும் முன்கூட்டியே விசாரித்து எழுத்தில் அநுமதி பெறுதல் வேண்டும். விபத்து நேர்ந்த பின் விளக்கம் கூறுவது கடினம்.

வீதியைப் பொறுத்தவரை, ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாகக் கப்பல்துறை நோக்கி வருவோர் பொழுது சாயுமுன் வந்து சேருதல் நலம். யானைகள் வீதியைக் கடக்கும் பிரதேசம் அது. சேமித்த நெல்லையும் உப்பையும் நாடி வீட்டுச் சுவரையே இடிக்கும் யானைக்கு, அரிசி மூட்டையோடு காட்டோரத்தில் நிற்கும் வீட்டு வண்டியும் ஒரு வீடுதான். தகரச் சுவர் அதற்கு ஒரு பொருட்டன்று. கிண்ணியாவில் 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமானது. முன்பு படகில் ஏற்றிக் கடந்த நீரை இன்று சில நிமிடங்களிற் கடக்கலாம். ஆயினும் உயரமான பக்கச் சுவர்களைக் கொண்ட வாகனத்தைக் கச்சான் காற்று தள்ளும் என்பதால் அங்கே வேகம் தணிய வேண்டும். கடற்கரை மணலில் இறங்குமுன் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். சக்கரம் புதைந்த பின் விசையை மிதித்தால் அது தன் குழியைத் தானே தோண்டும். கடலோரத்தில் தங்கித் திரும்பிய வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவாவிடில் உப்பு அதனை அரித்துவிடும்.

புது வண்டி வாங்கியவருக்கு யாழ்ப்பாணமோ நுவரெலியாவோ போய்வர ஆவல் எழுவது இயல்பே. எனினும் முதற் பிரயாணம் ஓரிரவுக்கு மட்டும், வீட்டுக்கு அண்மையில் அமைய வேண்டும். கப்பல்துறையிலிருந்து புறப்படுபவர், வைகாசி முதல் ஆவணி வரையுள்ள வறண்ட மாதங்களில் ஒரு நாளைத் தெரிந்து, மாலையிற் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடி, இருட்டுமுன் நிலாவெளியில் அறிமுகமான ஒருவரின் வளவில் அநுமதியோடு நிறுத்தலாம். எந்தக் கதவு ஓட்டத்திற் திறந்துகொண்டது, எந்தப் பாத்திரம் இரவெல்லாம் கலகலத்தது, கழிவுத் தாங்கியின் குழாய் எவ்விடத்திற் சொட்டியது என்பன அந்த ஓரிரவில் வெளிப்பட்டுவிடும். விடிந்ததும் தாங்கியில் எத்தனை லீற்றர் மிஞ்சியது, பற்றரி எவ்வளவு இறங்கியது, கொண்டுபோனவற்றுள் எவை பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, காலை வெயில் ஏறுமுன் வீடு திரும்பி, அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ளவற்றை வண்டியிலிருந்து இறக்கிவிடலாம்.