குரும்பட்டி வரைந்த கோடு

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருவீதியிலுள்ள கரடியனாறு, வயலையும் குளத்து நீரையும் நம்பி வாழும் ஊர். அங்கே பத்தாந்தர மாணாக்கர் சிலருக்குப் பௌதிகங் கற்பிக்கும் வாய்ப்பு ஒரு தவணைக் காலம் எனக்குக் கிடைத்தது. பாடம் சீரான கதி. சமமான நேரங்களிற் சமமான தூரம் செல்லும் பொருள் சீரான கதியில் இயங்குகிறது என்னும் வரைவிலக்கணத்தை எல்லோரும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தனர். அத்தகைய பொருளொன்றைக் கண்டதுண்டா என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆய்வுகூடங்களில் இதற்கெனச் செக்கனுக்கு 50 புள்ளிகளைக் காகித நாடாவிற் பதிக்கும் கருவியொன்று உண்டு. எங்களிடம் அது இல்லை. அதற்காக நான் பெரிதும் வருந்தவுமில்லை. சாய்தளத்திற் குண்டுகளை உருட்டி இயக்கத்தின் விதிகளை ஆராய்ந்த கலிலியோவிடம் செக்கன் காட்டும் கடிகாரமே இருக்கவில்லை. பாத்திரமொன்றிலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகிய நீரைச் சேர்த்து நிறுத்து, அந்நிறையைக் கொண்டே நேரத்தை அறிந்ததாக 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் எழுதியிருக்கிறார்.

ஆகவே வகுப்பு வாய்க்காற் கரைக்குச் சென்றது. நேராக ஓடும் பகுதியொன்றைத் தெரிந்து, இரண்டு மீற்றருக்கு ஒன்றாகப் பத்து மீற்றர் வரை தடிகளை நட்டோம். தென்னையடியிற் பொறுக்கிய குரும்பட்டியே எங்கள் ஊர்தி. முதலாவது தடிக்குச் சற்று மேலேயே அதை நீரில் விட்டோம். கை கொடுத்த வேகம் அடங்கி, நீரின் வேகத்தை அது ஏற்றுக்கொள்ள அவ்விடைவெளி வேண்டும். ஒவ்வொரு தடியருகிலும் ஒருவர் நின்று குரல் கொடுக்க, மற்றொருவர் நேரத்தைக் குறித்தார். முதற் குழுவினர் பெற்ற செக்கன்கள் 6, 12, 19, 25, 31.

“சேர், ஒருத்தரும் தள்ளாமல் இது எப்படி ஒரே வேகத்தில போகுது?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சரிவிலே நீரைக் கீழ்நோக்கி இழுக்கிறது புவியீர்ப்பு; அடித்தரையும் கரைகளும் அதனைத் தடுக்கின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமிடத்து நீர் விரைவதுமில்லை, தளர்வதுமில்லை. விசையே இல்லையென்பதன்று, எஞ்சி நிற்கும் விசை இல்லையென்பதே உண்மை.

மறுநாள் வரைபுத்தாள்கள் வந்தன. கிடையாக நேரம், நிலைக்குத்தாகத் தூரம். இரண்டாம் குழுவின் கோடு அடிமட்டத்தை வைத்து இழுத்தாற்போல இருந்தது: 6, 12, 18, 24, 30. ஆயினும் அக்குழுவின் குரும்பட்டி ஆறாவது மீற்றரிற் களையிற் சிக்கியதையும், பையனொருவன் முழங்காலளவு நீரில் இறங்கித் தடியால் அதனை விடுவித்ததையும் நானே கண்டிருந்தேன். அவனை அழைத்துக் கேட்டேன். “நேர்கோடு வரவேணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க, சேர்” என்றான்.

உண்மைதான். முதல் நாளே கரும்பலகையில் நேர்கோட்டை வரைந்து, “இப்படித்தான் வரும்” என்று சொல்லிவிட்டேன். விடையை முன்னரே கொடுத்துவிட்டுப் பரிசோதனை செய்யச் சொன்னால், பிள்ளை விடையைத்தானே காப்பாற்றுவான்? புள்ளி குறையும் என்னும் அச்சம் வேறு. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

நல்ல வேளையாக, மெய்யான அளவீடுகள் அவன் கொப்பியின் கடைசித் தாளில் இருந்தன: 6, 12, 18, 33, 39. பதினெட்டாம் செக்கனிற் சிக்கிய குரும்பட்டி இருபத்தேழாம் செக்கனிலேதான் விடுபட்டதென்பதும் அதிற் குறிக்கப்பட்டிருந்தது. அவற்றையே வரையச் சொன்னேன். கோடு ஏறியது, ஒன்பது செக்கன் தூரம் படுத்துக் கிடந்தது, பின்பு மீண்டும் ஏறியது. ஏறிய இரு துண்டுகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரம். படித்திறன் இரண்டிலும் ஒன்றே: மூன்று செக்கனுக்கு ஒரு மீற்றர். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது செக்கனுக்கு ஏறத்தாழ 0.26 மீற்றர். ஆனால் அந்தக் குரும்பட்டி எந்த நொடியிலும் அக்கதியிற் சென்றதாக வரைபு காட்டவில்லை! சராசரிக் கதி என்பது யாதென்பதை அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புகையிரதங்களின் ஓட்டத்தையும் இவ்வாறே வரைவதுண்டு. பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய வண்டிகள் அனைத்தையும் ஒரே தாளில் சாய்கோடுகளாகக் காட்டும் படமொன்றை 1885ஆம் ஆண்டில் மாரே என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் நூலில் வெளியிட்டார். வண்டி நிலையத்தில் நிற்கும்போது அதன் கோடும் கிடையாகப் படுத்துவிடும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் வண்டியின் நேர அட்டவணையை வைத்து எவரும் வீட்டிலிருந்தே இதனை வரைந்து பார்க்கலாம். சாய்வு மிகுந்த இடத்தில் வண்டி விரைகிறது.

அப்பையன் அத்துடன் நிற்கவில்லை. வாய்க்கால் நீரை அளக்க நீர்ப்பாசனத் துறையினரும் மிதவையைப் பயன்படுத்துவர் என்றும், மேற்பரப்பு நீரே விரைந்தோடுவதால் அதன் கதியை ஏறக்குறைய 0.85ஆற் பெருக்கிச் சராசரி காண்பர் என்றும் கூறியிருந்தேன். அவன் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தான். ஒன்றரை மீற்றர், நாற்பது சென்ரிமீற்றர். செக்கனுக்குச் சுமார் 170 லீற்றர் நீர் என்று கணக்கு வந்தது. ஓர் ஏக்கர் வயலில் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் கட்ட இருபது நிமிடம் போதுமென்று தகப்பனாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்.

அவர் சிரித்தாராம். “கணக்குச் சரிதான் மகன். வாய்க்கால் முழுக்க நம்மட வயலுக்கு எப்ப வந்தது?” என்றாராம்.

அடுத்த கிழமை, கிளை வாய்க்கால்கள் பிரியும் இடங்களில் நடுவதற்கென்று ஒரு கட்டுத் தடிகளோடு அவன் வகுப்புக்கு வந்து நின்றான்.