தாய்க்கோழி தின்னும் எண்ணெயும் குஞ்சின் நலமும்

நெகிரி செம்பிலானில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், கோழிக்கு ஓசித் தீனி ஒன்று எப்போதும் தரையில் கிடக்கிறது: உதிரிப் பழம். பகாவ், ரெம்பாவ் பக்கம் வீட்டுக்கோழி மட்டுமல்ல, காட்டுக்கோழியும் வந்து அதைக் கொத்தும். மலேசியக் கோழித் தீவனத்துக்கான சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. தீவன விலை ஏறி, 2022 ஜூன் 1 முதல் நாடு கோழி ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. அப்படியிருக்க, சும்மா கிடைக்கும் பழத்தை யார் வேண்டாம் என்பார்கள்? பழத்தின் சதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கோழிக்குத் தெம்புக்குக் குறைவில்லை. ஆனால் அது இடும் முட்டையில் வளரும் குஞ்சுக்கு இது போதுமா?

மஞ்சள் கரு, தாய் குஞ்சுக்குக் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு. அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அடையில் இருக்கும் 21 நாளும் குஞ்சு தனக்கு வேண்டிய சக்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்தக் கொழுப்பிலிருந்தே பெறுகிறது. பொரிவதற்குச் சற்று முன் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். பொரித்த குஞ்சு ஓரிரு நாள் தீனியில்லாமல் தாங்குவது அதனால்தான். தாய் எந்த எண்ணெயைத் தின்றதோ, அதன் சாயல் மஞ்சள் கருவில் இறங்கிவிடும்.

இங்கேதான் செம்பனையின் குறை தெரிகிறது. லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பைக் கோழியின் உடல் தானாகச் செய்துகொள்ளாது. தீனியில் 1 விழுக்காடாவது வேண்டும். குறைந்தால் முட்டை சிறுக்கும், பொரிப்பும் குறையும். செம்பனை எண்ணெயில் இது 10 விழுக்காடுதான். கொட்டை எண்ணெயில் இரண்டு மூன்றைத் தாண்டாது. சோள எண்ணெயிலோ பாதிக்கும் மேல். ஆகவே பழம் தின்னும் கோழிக்கு இடித்த சோளமும் தவிடும் சேர்த்துப் போடுவது நல்லது.

குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு தேவை. கீரையும் புல்லும் கொஞ்சம் தரும். நெத்திலித் தலை நன்றாகத் தரும். அதற்காக மீனெண்ணெயை அள்ளி ஊற்றக் கூடாது. அளவு மீறினால், லினோலியிக் அமிலம் சேர்ந்த ஒமேகா-6 வகைக் கொழுப்பின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் சிக்கல் வாடையும் அடிக்கும்.

சேவலை எல்லாரும் மறந்துவிடுகிறோம். அதன் விந்தணுவின் மேலுறை எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பால் ஆனது. அதைக் காப்பது வைட்டமின் ஈ. இதில் செம்பனைக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். சிவந்த பழத்தில் வைட்டமின் ஈயும் கரோட்டினும் ஏராளம். கடைக்கு வரும் சுத்திகரித்த எண்ணெயில் அந்தக் கரோட்டின் இருக்காது.

பலகாரம் சுட்டு மிஞ்சிய பழைய எண்ணெயைத் தவிட்டில் பிசைந்து போடுவதை நான் ஒப்பமாட்டேன். சிக்கலடித்த எண்ணெய் வைட்டமின் ஈயை அழித்துவிடும். அந்தக் குறை முற்றிய குஞ்சு தலையை முறுக்கி, காலை உதறி, நிற்க முடியாமல் விழும். வாசலில் இலவ மரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதன் விதையைக் கோழி தின்னவிடாதீர்கள். அதிலுள்ள ஒருவகைக் கொழுப்பு முட்டையின் வெள்ளைக் கருவை இளஞ்சிவப்பாக்கும். கரு முட்டைக்குள்ளேயே சாவதும் உண்டு.

எண்ணெய் எதுவானாலும் மிஞ்சினால் கெடுதல்தான். கொழுத்த கோழி ஒழுங்காக முட்டையிடாது, ஈரலில் கொழுப்பு சேர்ந்து திடீரென்று செத்தும் போகும்.

மஞ்சள் கருவின் பெரும்பகுதி, முட்டை இடுவதற்கு முந்தைய பத்து நாளில் சேர்வது. அடைக்கு முட்டை எடுக்க நினைப்பவர்கள் மூன்று வாரம் முன்பே சோளமும் தவிடும் கீரையும் போடத் தொடங்குங்கள். முட்டை வைத்த பிறகு தீனியை மாற்றி அந்த முட்டைக்குப் பயனில்லை.