புகை போனாலும் நஞ்சு போகாது

உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்கள் பல. கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் போய் அந்தியில் திரும்புகிறவர்கள் உண்டு. மலையிலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் போர்த்திய கொட்டகையில் தங்கினால், அதற்குள்ளேயே மூன்று கல் அடுப்பு, அதற்குப் பக்கத்திலேயே படுக்கை என்று ஆகிவிடுகிறது. ராத்திரி குளிருக்குத் தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டி, மிச்சக் கங்குகளைச் சட்டியில் அள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்குகிறோம்.

"புகைதான் போயிருச்சே, வெறும் கங்கு என்ன செய்யும்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

விறகோ கரியோ காற்றுப் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. புகையாவது இருமவைத்து நம்மை வெளியே விரட்டும், இது தூங்கவைக்கும். ரத்தத்தில் பிராணவாயு இருக்கவேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நீறு பூத்த நெருப்பிலிருந்தும் இது வந்துகொண்டே இருக்கும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இரண்டு பேர், கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்து, காலையில் எழுந்திருக்கவில்லை. அது சுவர் வைத்த அறை. இறுகக் கட்டிய கொட்டகை அதைவிடச் சிறியது.

கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். தாய்க்குத் தலைவலியோடு போவது வயிற்றுப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். தாய் தெளிந்த பிறகும் சிசுவின் ரத்தத்தை விட்டு அந்த வாயு சீக்கிரம் இறங்காது.

கணவன்மார்களே, அடுப்புக்கு வெளியே தனியாக ஒரு சாய்ப்புப் போட்டு, மேலே ஒரு தகரம் வைத்துக் கொடுங்கள். ஒருநாள் வேலைதான். அடைமழையில் உள்ளே சமைத்தே தீரவேண்டுமென்றால் எதிரெதிரே இரண்டு பக்கம் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டுங்கள். தீ தார்ப்பாய்க்கு எட்டக்கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கவே வேண்டாம். படுக்குமுன் கங்குகளை வெளியே வாரிப்போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கிளறிப் பார்த்து மறுபடியும் ஊற்றுங்கள். சாம்பல் மூடினால் போதாது. குளிருக்குக் கீழே சாக்கும் வைக்கோலும் கனமாகப் போடுங்கள், மேலே கம்பளி. பாதிக் குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் தளர்ச்சி இவை அறிகுறிகள். கொட்டகையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காத்துக் கருப்பு என்று திருநீறு பூசி மறுபடி படுக்கவைக்காதீர்கள். (பூசுவதை வெளியே கொண்டுவந்து பூசுங்கள், யார் வேண்டாமென்றார்கள்!) தார்ப்பாயைக் கிழித்தாவது திறந்து, எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-க்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில், "மூடின கொட்டகையில் கங்கு இருந்தது" என்று மறக்காமல் சொல்லவும். அதைக் கேட்டால்தான் டாக்டர் உடனே பிராணவாயு வைப்பார்.