50 சாட்டை அடி வாங்கியவர் நிரபராதி! தீர்ப்பு சொன்ன கவர்னர் கைது!
புதுச்சேரியை உலுக்கிய வழக்கு; மன்னித்து விட்டால் தண்டனை இல்லையா?

புதுச்சேரி, நமது நிருபர்

புதுச்சேரியில் நயினியப்ப பிள்ளை வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் அதைத் தாண்டிப் போகிறார்கள். கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று அவரவருக்கு அவரவர் அவசரம். யார் அந்த நயினியப்பர் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

சுமார் 300 வருடத்துக்கு முன்பு இந்த ஊரின் பெரிய புள்ளி அவர். அதே ஊர்க் கடைத்தெருவில் ஜனங்கள் பார்க்கச் சாட்டையால் அடிக்கப்பட்டவரும் அவர்தான்.

பெரிய மனிதர்களின் குட்டு உடைபட்டு, "மன்னிச்சுட்டோம், விட்டுடுங்க" என்று ஒரு கூட்டமும், "தூக்கில் போடு" என்று இன்னொரு கூட்டமும் கத்தும் போதெல்லாம் இந்தக் கதையை நினைத்துப் பார்க்கலாம். ஏனென்றால் இதில் குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவரும் உண்டு. முத்திரை குத்தியவரே மாட்டிக்கொண்டதும் உண்டு. கர்த்தர் பேரைச் சொல்லி இரண்டு பக்கமும் நின்ற சாமியார்களும் உண்டு.

யார் இவர்?

பிரெஞ்சு கம்பெனிக்கு 1708-ல் தலைமைத் தரகர் ஆனார் நயினியப்பர். துபாஷி என்றும் சொல்வார்கள். பேர்தான் தரகர். கம்பெனிக்குத் துணி கொள்முதல் செய்வது, வியாபாரிகளிடம் பேரம் முடிப்பது, ஆள் அம்பு திரட்டுவது, ஊர் மக்களிடம் வெள்ளைக்காரர் சார்பாகப் பேசுவது எல்லாம் அவர் கையில்தான். கவர்னருக்கு அடுத்தபடி செல்வாக்கு அவருக்கு.

அவருக்கு முன்னால் அந்தப் பதவி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திடம் இருந்தது. நயினியப்பரோ இந்து. "கம்பெனியின் பெரிய பதவியில் கிறிஸ்தவர்தான் இருக்கணும்" என்று சேசு சபை சாமியார்கள் விடாமல் வற்புறுத்தினார்கள். கிறிஸ்தவ ஏழைகளுக்கு அவர் தானம் கொடுத்ததைக் கூட அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

அப்போது கவர்னராக இருந்தவர் எபேர் துரை. முதல் தடவை பதவியில் இருந்தபோது அவர் நயினியப்பரை விட்டுக் கொடுக்கவில்லை. 1713-ல் எபேர் பதவி இழந்து பிரான்சுக்குத் திரும்பினார். 1715-ல் மறுபடியும் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். இந்தத் தடவை ஆள் மாறியிருந்தார்.

நள்ளிரவு ரகசியம் இல்லை, பகிரங்க வேலை

1716 பிப்ரவரியில் நயினியப்பர் கைது செய்யப்பட்டார். அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் இன்னொரு கூட்டாளியும் உள்ளே தள்ளப்பட்டார்கள். லூயி கோட்டைச் சிறையில் அடைப்பு. இன்று பாரதி பூங்காவில் குழந்தைகள் விளையாடுகிறார்களே, அந்தப் பக்கத்தில்தான் அந்தக் கோட்டை இருந்தது.

குற்றச்சாட்டு: ஜனங்களைக் கொடுமைப்படுத்தினார்; அரசுக்கு எதிராகக் கலகம் மூட்டினார். கோயில் திருவிழா விஷயத்தில் இந்து மக்கள் மனம் கொதித்து, ஊரை விட்டே போய் விடுவோம் என்று கிளம்பிய சம்பவம் அதற்குச் சற்று முன்புதான் நடந்திருந்தது. அதைத் தூண்டி விட்டவர் நயினியப்பர் என்றார்கள்.

விசாரணை எப்படி நடந்தது தெரியுமா?

கோர்ட்டு என்பது கம்பெனி கவுன்சில். அதற்குத் தலைவர் கவர்னர். அதாவது குற்றம் சாட்டியவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒரே ஆள்!

நயினியப்பருக்கு பிரெஞ்சு தெரியாது. தமிழும் போர்ச்சுக்கீசியமும் தெரியும். விசாரணைக் காகிதமெல்லாம் பிரெஞ்சில். நடுவில் மொழிபெயர்த்தவர் மனுவேல் என்பவர். சேசு சபை சாமியார்களின் உபதேசியாருடைய மகன். நயினியப்பருக்காக வாதாட வக்கீல் கிடையாது. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். "எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே எங்களுக்குத் தெரியாது" என்று அவர்களில் சிலர் பிற்பாடு சொன்னார்கள்.

1716 ஜூனில் தீர்ப்பு வந்தது. கடைத்தெருவில் 50 சாட்டை அடி. மூன்று வருடம் சிறை. பெருந்தொகை அபராதம். சொத்து பறிமுதல். பிள்ளைகளுக்கும் இந்த ஊரில் இடமில்லை.

நேற்று வரை கும்பிட்டவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தலைமைத் தரகர் பதவி மறுபடியும் அந்தக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கே போனது. பெத்ரோ என்கிற கனகராய முதலியார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

1717-ல் நயினியப்பர் சிறையிலேயே செத்துப் போனார்.

எதிர்த்துக் கிளம்பிய சாமியார்கள்

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை.

நயினியப்பரின் குடும்பத்தார் பாரீசுக்கு முறையீடு அனுப்பினார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றவர்கள் யார்? வேறு கிறிஸ்தவ சாமியார்கள்! கப்புச்சின் சபையாரும், பாரீஸ் வேதபோதக சபையாரும், "இது அநியாயம்" என்று எழுதினார்கள். (இன்றைக்கும் நம்மூரில் 'கப்ஸ் கோயில்' என்கிறோமே, அந்தப் பேரே கப்புச்சினிலிருந்து வந்ததுதான்.) அந்தச் சமயம் இந்திய வியாபாரத்தில் பணம் போட்டிருந்த சேன்மாலோ ஊர் வியாபாரிகளும் சேர்ந்து கொண்டார்கள்.

எல்லோரும் சுத்தத் தங்கம் என்று சொல்ல முடியாது. சாமியார்களுக்குள் சபைச் சண்டை இருந்தது. வியாபாரிகளுக்கு லாபக் கணக்கு இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இந்துதானே, நமக்கென்ன" என்று அந்தச் சாமியார்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "நம்ம மதத்து கவர்னராச்சே, மூடி மறைச்சுடுவோம்" என்றும் நினைக்கவில்லை.

1718-ல் எபேரின் பதவி போயிற்று. புதுக் கவர்னர் வந்தார். எந்த ஊரில் கைது உத்தரவு போட்டாரோ அதே ஊரில் எபேர் கைது செய்யப்பட்டார். விசாரிக்கப்பட்டார். பிரான்சுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்.

1719-ல் பிரெஞ்சு அரசாங்கம் நயினியப்பர் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. நிரபராதி! ஆனால் கேட்பதற்கு அவர் உயிரோடு இல்லை.

மகன் செய்த காரியம்

இனிமேல்தான் ஆச்சரியம்.

நயினியப்பரின் மூத்த மகன் குருவப்பர் கடல் கடந்து பாரீசுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார்! ஞானத் தகப்பனாராக நின்றவர் அன்றைக்கு பிரான்சை ஆண்டுகொண்டிருந்த ஓர்லேயான் கோமகன். 1721-ல் 'செவாலியே' பட்டமும் கிடைத்தது. மறு வருடம் புதுச்சேரிக்குத் திரும்பி, அப்பா வகித்த அதே தலைமைத் தரகர் பதவியில் அமர்ந்தார். 1724-ல் காலமானார்.

அப்பாவை அழித்தவர்களின் வேதத்தில் மகன் ஏன் சேர்ந்தார்? மனசார மன்னித்தாரா? பதவிக்காகவா? மறுபடியும் எவனும் குடும்பத்தின் மேல் கை வைக்க முடியாதபடி ஒரு கவசமா? அவர் மனதைத் திறந்து பார்க்க நம்மால் ஆகாது. ஆனால் வரிசையைப் பாருங்கள். அப்பா பேரில் இருந்த களங்கம் முதலில் துடைக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

மன்னிப்பு என்றால் என்ன?

"மன்னிக்கச் சொன்ன மதமாச்சே, அப்புறம் கோர்ட்டு எதற்கு, ஜெயில் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

பதில் தேட வேதசாஸ்திரம் படிக்க வேண்டாம். தவக்காலத்தில் சம்பா கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும். அந்தக் காலத்து ஞானோபதேச வகுப்பில் படித்த பாட்டிமாரைக் கேட்டால் விரல் விட்டுச் சொல்வார்கள். செய்த பாவத்தை நினைத்துப் பார்க்கணும், மனஸ்தாபப்படணும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்கணும், வாய் திறந்து சொல்லணும், பரிகாரம் செய்யணும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் கணக்கு உதைக்கும். திருடிய பணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "சாமி, மன்னிச்சுடுங்க" என்றால் எந்தச் சாமியாரும் விட மாட்டார்.

சக்கேயு கதையும் அதுதான். வரி வசூலில் கொழுத்த ஆள். ஏசுநாதர் வீட்டுக்கு வந்ததும், ஏமாற்றிய பணத்தை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னார். வெறும் கண்ணீர் விட்டு உட்காரவில்லை.

சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு மன்னிப்பு கிடைத்தது. மோட்சமும் கிடைத்தது. ஆனால் சிலுவையிலிருந்து இறக்கி விடப்படவில்லை!

நம் காலத்து உதாரணமும் இருக்கிறது. 1981 மே மாதம் போப் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார். நாலே நாளில், ஆஸ்பத்திரியில் இருந்தபடியே, சுட்டவனை மன்னிப்பதாக அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஆனாலும் அவன் இத்தாலிச் சிறையை விட்டு வெளியே வந்தது 2000-ம் வருடத்தில்தான்.

ஒரிசாவில் 1999 ஜனவரியில் கிரகாம் ஸ்டெயின்ஸ் பாதிரியாரும் இரண்டு சின்னப் பையன்களும் ஜீப்போடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலைகாரர்களை மன்னித்தார். நாடே அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

அந்த அம்மாள் மன்னித்தது தன் மனதில் இருந்த பகையை. ஊருக்குச் சேர வேண்டிய நியாயத்தை அல்ல.

இரண்டு அவசரம்

நயினியப்பர் வழக்கில் இரண்டு பாடம் இருக்கிறது.

ஒன்று, கல்லெறிய அவசரப்படாதே. 1716-ல் கடைத்தெருவில் நின்றவர்கள், "கவுன்சிலே தீர்ப்பு சொல்லிடுச்சே, செஞ்சிருப்பான்" என்றுதான் நினைத்திருப்பார்கள். மூன்றே வருடத்தில் அது பொய்த்தது. முதுகில் விழுந்த 50 அடியை எந்த ரத்து உத்தரவு திருப்பி எடுக்கும்? போன உயிரை எந்த ராஜா கொடுப்பார்? குற்றம் சாட்டப்பட்டவர் பாஷையில் விசாரணை, அவர் பக்கத்துக்கு ஒரு வக்கீல், குற்றம் சாட்டியவர் வேறு, நீதிபதி வேறு... இதெல்லாம் சட்டப் புத்தகத்தை நிரப்ப எழுதிய வார்த்தைகள் இல்லை.

இரண்டு, மன்னிக்கவும் அவசரப்படாதே. எபேரின் குட்டு வெளிப்பட்டபோது, "பெரிய இடத்து விஷயம், விட்டுடுவோம்" என்று எல்லோரும் சும்மா இருந்திருந்தால் நயினியப்பர் இன்றைக்கும் ராஜத் துரோகிதான். மன்னிக்கும் உரிமை அடி வாங்கியவனுக்கு உண்டு. வேடிக்கை பார்த்தவனுக்கு அதில் என்ன பாத்தியதை? அடுத்தவன் கடன் பத்திரத்தை நாம் கிழித்துப் போட முடியுமா? எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

தங்கள் கட்சி, தங்கள் சபை, தங்கள் ஜாதி ஆள் மாட்டினால் மன்னிப்பைப் பற்றியும், எதிராளி மாட்டினால் நியாயத்தைப் பற்றியும் பேசுகிறவர்களுக்கு, அந்தக் கப்புச்சின் சாமியார்கள் எழுதிய காகிதம்தான் பதில்.

விருந்து

கடைசியாக ஒரு சேதி.

குருவப்பர் இறந்த பிறகு, தரகர் பதவி மறுபடி கனகராய முதலியாரிடம் போனது. 1745-ல் அவர் ஒழுகரையில் ஒரு மாதாகோயில் கட்டி, எல்லா ஜாதியாரையும் வெள்ளைக்காரரையும் அழைத்துப் பெரிய விருந்து வைத்தார். அந்த விருந்தைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? ஆனந்தரங்கப் பிள்ளை! நயினியப்பரோடு சேர்ந்து கைதான அந்தத் திருவேங்கடம் பிள்ளையின் மகன். மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தவர் வைத்த விருந்தை அவர் வரிசையாக எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் முதலியார் காலமானார். பிற்பாடு அந்தப் பதவி ரங்கப் பிள்ளைக்கே வந்து சேர்ந்தது.

இரண்டு குடும்பமும் அதே ஊரில், ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து, முப்பது வருடம் வாழ்ந்தன. அது மன்னிப்பா, பிழைப்பா, என்ன பேர் வைப்பதோ தெரியாது. ஆனால் தீர்ப்பு ரத்தாகாமல் இருந்திருந்தால் அந்த வீட்டார் இந்த ஊருக்குள் தலை நிமிர்ந்து திரும்பி வந்திருக்க முடியுமா?

அடுத்த தடவை நயினியப்ப பிள்ளை வீதியைத் தாண்டும்போது பெயர்ப் பலகையை ஒரு நிமிஷம் பாருங்கள். யார் மேலாவது கல்லெடுக்கக் கை துடித்தால் பாருங்கள். யாரையாவது சும்மா விட்டு விடலாம் என்று தோன்றினாலும் பாருங்கள்.